படத்தில என்ன கதைக்கினம் என்று பிள்ளைக்கு விளங்குதா? ஸ்பீக்கரை அறைக்குப் பொருத்துவோம்

வெள்ளிக்கிழமை இரவு குடும்பமாக இருந்து தமிழ்ப் படம் பார்க்கிற வீடுகளில் ஒரு வசனம் பொதுவானது. படம் தொடங்கிப் பத்து நிமிசம் ஆகாது, "அப்பா, சப்டைட்டில் போடுங்கோ, விளங்கேல்லை" என்று பிள்ளை சொல்லும். பிள்ளைக்குத் தமிழ் போதாது என்று நினைத்து நாங்களும் போட்டுவிடுவோம். அதுக்குப் பிறகு பிள்ளை கேட்கிறதில்லை. வாசிக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

தமிழ் போதாமை ஒரு காரணம்தான். ஆனால் பல வீடுகளில் இன்னொரு காரணம் அறைக்குள்ளேயே இருக்கிறது. வசனம் பிள்ளையின் காதுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வதே இல்லை.

"எனக்கு விளங்குதே" என்பீர்கள். ஊரில் தமிழ் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஒரு சொல்லின் பாதி கேட்டாலே மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். இங்கே வளர்ந்த எங்களுக்கு அம்மா அப்பாவைவிடக் கொஞ்சம் கூடுதல் தெளிவு தேவை. பிள்ளைகளுக்கு இன்னும் கூட. இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்துக் கேட்பது பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்குக் கடினம். அந்தப் பேச்சு அவர்களுடைய இரண்டாவது மொழியில் இருந்தால் அதைவிடக் கடினம். எங்கட வீடுகளில் அந்த இரண்டாவது மொழி தமிழ்.

காரணம் எளிது. பேச்சில் உரத்து ஒலிப்பவை உயிரொலிகள். மெய்யொலிகள் குறுகியவை, மெலிந்தவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் தகவலில் பெரும் பகுதி 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அறையில் எதிரொலி கூடினால் முந்தின உயிரொலியின் வால் அடுத்த மெய்யொலியை மூடிவிடும். பாஸ் கூடினாலும் அதே கதைதான்.

அமெரிக்காவில் வகுப்பறைகளுக்கு என்றே ஓர் ஒலித்தரம் இருக்கிறது. சாதாரண அளவு வகுப்பறையில், ஆட்கள் இல்லாதபோது, எதிரொலி அடங்க 0.6 விநாடிக்கு மேல் எடுக்கக்கூடாது. பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது. இப்ப எங்கட பேஸ்மென்டை நினைத்துப் பாருங்கள். லாமினேட் தரை, நாலு பக்கமும் வெறும் ட்ரைவால், கதவுக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ்.

பக்கத்து ஊர்களின் பங்கு

ஸ்பீக்கர் பற்றி உலகம் இன்று நம்புகிற பல விசயங்கள் ஒன்ராறியோவில்தான் அளந்து பார்க்கப்பட்டவை. ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965 முதல் 1991 வரை வேலை செய்தவர் ஃப்ளோய்ட் டூல். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, பெயரும் விலையும் தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்து, எது பிடிக்கிறது என்று மதிப்பெண் வாங்கினார். அதே ஸ்பீக்கர்களை எதிரொலியே இல்லாத அறையில் வைத்து அளந்தார். பெரும்பாலானோருக்குப் பிடித்தவை, எல்லா ஒலிகளையும் கூட்டாமல் குறைக்காமல் ஒரே அளவில் தருபவை. பக்கவாட்டில் போகும் ஒலியும் அதேபோலச் சீராக இருந்தால் இன்னும் நல்லது.

1972இல் பிஎஸ்பி நிறுவனத்தைத் தொடங்கிய போல் பார்டன், எழுபதுகளிலேயே அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தன் ஸ்பீக்கர்களைக் கொண்டுபோய் அளக்கத் தொடங்கினார். பிஎஸ்பி இன்று இருப்பது பிக்கரிங்கில். 1982இல் ரொறன்ரோவில் தொடங்கிய பரடைம் இப்ப மிசிசாகாவில். எங்கட ஆட்கள் வீடு வாங்குகிற அதே ஊர்கள்தான்.

இந்த ஆராய்ச்சி காட்டிய இன்னொரு விசயம்தான் எங்களுக்கு முக்கியம். வீட்டு அறைகளில் சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட அறைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் பாஸை ஆளுவது அறைதான்.

அறையின் கணக்கு

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த அறை முதலில் எந்த ஒலியில் அதிரும் என்று தெரியும். எங்கட பேஸ்மென்ட் அறையின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். கணக்குப் போட்டால் 47 ஹெர்ட்ஸ். எட்டடி உயரக் கூரைக்கு 70 ஹெர்ட்ஸ்.

பாஸ் கிற்றாரின் ஆகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ். அப்ப 47 அதன் முதல் சில சுரங்களுக்குள் வந்துவிடுகிறது. இளையராஜா பாட்டொன்றில் பாஸ் கிற்றார் படியேறி இறங்கும்போது, ஒரு சுரம் மட்டும் சுவரைக் குலுக்கி, அடுத்தது காணாமல் போனால், அது வாசித்தவரின் குறையில்லை. உங்கட அறையின் அளவு பேசுகிறது. படத்தில் பின்னணி இசையும் வசனமும் ஒன்றாக வரும்போது இந்த அதிர்வு வசனத்தை விழுங்கும்.

முதலில் இடம், பிறகுதான் காசு

காசு செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள்.

மூலையில் உள்ள ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். சுவரும் மூலையும் பாஸை ஊதிப் பெருக்கும். பின்சுவரில் இருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் இருக்கும் இடமும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக வரட்டும். சின்ன ஒலிவாய், அதாவது ட்வீட்டர், இருந்து பார்ப்பவரின் காது உயரத்தில் இருக்கவேண்டும். ஓடித்திரிகிற சின்னப் பிள்ளை இருந்தால் உயரமான ஸ்டாண்டைத் தவிர்த்து, கனமான அலுமாரியின் மேல் வையுங்கள்.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அங்கேதான் பாஸ் ஆக மோசமாகக் குவியும்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதை அலுமாரித் தட்டுக்குள் தள்ளாமல் முன்விளிம்பில் வையுங்கள்.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "ட்ர்ர்" என்று நடுக்கமாக ஒலி திரும்பினால் எதிரெதிர் வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையில் தடித்த கார்ப்பெட், ஒரு பக்கம் கனமான திரைச்சீலை, இன்னொரு பக்கம் புத்தக அலுமாரி போதும். கடையில் விற்கும் மெல்லிய ஸ்பொஞ்ச் சதுரங்கள் மேல் ஒலிகளை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், பாஸைத் தொடாது.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை

ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் மாறிப் போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் மெலியும், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே பிடிபடாது. சோதிக்க வழி இருக்கிறது. 1960களின் தமிழ்ப் படப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. சுசீலாவோ சௌந்தரராஜனோ பாடுகிற ஒன்றைப் போட்டு, நடுவில் இருந்து கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் நிற்கவேண்டும். தலையைச் சுற்றி அலைந்தால் ஒயரைப் பாருங்கள்.

ரீவியில் இருந்து ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ போகும் கேபிளை "ஏஆர்சி" என்று எழுதிய எச்டிஎம்ஐ வாயில் செருகுங்கள்.

வசனம் தொலைந்து போவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் ஒன்று ரிசீவர் மெனுவில் இருக்கிறது. 5.1 ஒலியில் வசனத்தின் பெரும் பங்கு நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லாமல், மெனுவில் "இருக்கிறது" என்று இருந்தால், வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்த் தொலைந்துவிடும். "இல்லை" என்று மாற்றினால் அது இடது வலது இரண்டுக்கும் பிரிந்து வரும். நடு ஸ்பீக்கர் இருந்தால் அதன் அளவை 2 டெசிபல் கூட்டிப் பாருங்கள்.

சப்வூஃபர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுவது நல்ல தொடக்கம். அதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வேடிக்கையான, ஆனால் வேலை செய்யும் வழி: சப்வூஃபரை நீங்கள் இருக்கும் சோபாவில் ஏற்றி வைத்து, பாஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். இந்த வேலைக்குப் பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் வருவார்கள்.

கொண்டோவில் இருப்பவர்களும் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் சப்வூஃபரைக் குறைத்தே வையுங்கள். தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் இலேசாகக் கடக்கும். இரவில் "நைட் மோட்" போட்டால் சண்டைச் சத்தம் குறைந்து வசனம் மேலே வரும்.

மைக் வைத்து அளப்பது

ஓடிசி, டிராக் லைவ், யமஹாவின் வைபிஏஓ, ஆந்தமின் ஏஆர்சி என்று பல ரிசீவர்களில் தானாக அளந்து திருத்தும் வசதி இருக்கிறது. ஃபர்னஸ் ஃபேனையும் பாத்திரம் கழுவும் மெஷினையும் நிறுத்துங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல் ரிசீவர் கேட்கிற அத்தனை இடங்களிலும் அளவுங்கள். அதில் ஒன்று பிள்ளை வழக்கமாக இருக்கிற இடமாக, பிள்ளையின் காது உயரத்தில் இருக்கட்டும்.

அந்த வசதி இல்லாவிட்டால் ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக்கும் போதும். வரைபடத்தில் மேடும் பள்ளமும் தெரியும். மேட்டைக் குறைக்கலாம். ஆழமான பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. எவ்வளவு கூட்டினாலும் அழிவும் கூடவே கூடும். அங்கே ஸ்பீக்கரையோ சோபாவையோ நகர்த்துவதுதான் வழி. நாங்கள் மென்பொருளில் பிழை தேடுகிற மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனை அம்மம்மாவின் குரல்

அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அமைதியான அறையில் இருத்தி, போனில் சில சோடிச் சொற்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள்: பல்லி, பள்ளி, புலி, புளி, வால், வாள், கலை, களை, மனம், மணம். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். உங்கள் வீட்டில் ழகரத்தைத் தனியாகச் சொல்பவர் இருந்தால் வழி, வளி என்பதையும் சேர்க்கலாம்.

அதை முதலில் நல்ல ஹெட்ஃபோனில் பிள்ளைக்குப் போட்டு, எந்தச் சொல் என்று கேளுங்கள். பிறகு வரிசையை மாற்றி, அறை ஸ்பீக்கரில், சாதாரண சத்தத்தில் போடுங்கள். ஹெட்ஃபோனில் பிடித்த சொற்களை அறையில் தவறவிட்டால், திருத்த வேண்டியது அறை. இரண்டிலும் தவறவிட்டால் அந்த ஒலிகளைப் பிள்ளைக்கு நீங்கள்தான் பழக்கவேண்டும். எந்த ரிசீவரும் அதைச் செய்யாது.

சத்தத்தைக் கூட்டித் தெளிவை வாங்க முயலாதீர்கள். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். ஹெட்ஃபோன் போன்ற தனிநபர் கருவிகளுக்கு உலக சுகாதார அமைப்பு பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். அறைக்கும் அதை மனதில் வைத்திருப்பது நல்லது. போனில் இலவச ஒலிமானி ஒன்றை இறக்கி, சோபாவில் இருந்து ஒருக்கால் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு சனிக்கிழமை மத்தியானத்து வேலை. முடிந்ததும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தமிழ்ப் படத்தை சப்டைட்டில் இல்லாமல் போட்டுப் பாருங்கள். "அவர் இப்ப என்ன சொன்னவர்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கும். "விளங்கேல்லை" என்று சொல்கிற பிள்ளைக்கு சப்டைட்டில்தான் போடலாம். "முற்றுகை எண்டால் என்ன?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லலாம். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் பிள்ளை அப்படிக் கேட்கும்.