அறுவைக்குப் பின் வரும் கிருமி



பெருங்குடலில் புற்றுநோய் கண்டால், நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது வழக்கமான சிகிச்சை. என் நண்பர் ஒருவருக்கு இவ்வறுவை நன்றாகவே நடந்தேறியது. ஆனால், ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது, வயிறு உப்பியது. உள்ளே தையலில் கசிவு! மீண்டும் அறுக்க நேர்ந்தது. “கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு ஏன் இத்துன்பம்?” என்று அவர் என்னைக் கேட்டார். அதற்கு விடை தேடி அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பெருங்குடல் நுண்கிருமிகளின் உறைவிடம். ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ 10,000 கோடிக் கிருமிகள் உள்ளன. குடலுக்குள் இருக்கும்வரை அவற்றுட் பல நமக்கு நன்மையே செய்கின்றன. அறுவையின்போது அவை வெளிப்பட்டால் பகையாகின்றன. தோற்புண்ணில் மட்டும் சீழ் பிடித்தால், அதனை வடித்துப் பெரும்பாலும் ஆற்றிவிடலாம். உட்தையல் கசிந்து, மலம் வயிற்றறையிற் பரவினாலோ உயிருக்கே ஆபத்து.

தீங்கு அத்துடன் முடிவதில்லை. நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால், அறுவைக்குப் பின் ஏறக்குறைய எட்டு வாரங்களுக்குள் புற்றுநோய் மருந்தைத் தொடங்குவது நலம். கிருமியால் நலிந்த உடல் அதற்கு இடங்கொடாது. என் நண்பருக்கும் அவ்வாறே மருந்து தள்ளிப்போயிற்று. மேலும், கசிவுக்கு ஆளானோரிடம் புற்றுநோய் மீண்டும் தோன்றுவதும், ஆயுள் குறைவதும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நோய் முற்றியவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் கிருமி எளிதில் தொற்றும். அவர்களுடைய ஆயுளும் இயல்பாகவே குறையக்கூடும். ஆகவே, கிருமியின் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர் பிரித்தறிய முயல்கின்றனர். இவ்வாறு ஐயுற்று ஆராய்வதே அறிவியல் நெறி.

தடுப்பதற்கோ வழிகள் உண்டு. 1865-இல் கிளாஸ்கோ நகரில், வண்டி ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டி, சீழ் பிடிக்காமல் ஆற்றினார் ஜோசப் லிஸ்டர். அன்று தொடங்கிய பாதை இன்றும் நீள்கிறது. கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்துதல், சவரக்கத்தியால் மயிரை மழிக்காதிருத்தல், நோயாளியின் உடற்சூட்டைக் காத்தல், குடலைத் தூய்மை செய்வதோடு வாய்வழியாகவும் கிருமிக்கொல்லி கொடுத்தல் ஆகியவற்றை உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வலியுறுத்தியது.

நோயாளிக்கும் கடமை உண்டு. புகைப்பதை விட வேண்டும். வீடு திரும்பிய பின் காய்ச்சலோ, வயிற்று வலியோ, புண்ணில் நீர்க்கசிவோ கண்டால், கூச்சத்தால் மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்நிலையில் இருப்பின், இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அறுவை மேசையில் மட்டும் சிகிச்சை முடிவதில்லை. புண் ஆறும் நாள்களிலும் ஓர் உயிரின் வருங்காலம் அடங்கியிருக்கிறது.