குண்டின் வலிமையும் குறியின் நேர்மையும்

சென்ற வாரம் விடுதி உணவறையில் ஒரு வாதம் மூண்டது. அமெரிக்காவில் சிலர் மாக்னம் ரிவால்வரைக் கொண்டே கரடியையும் பெரிய மானையும் வேட்டையாடுகிறார்களாம்; தோட்டாவையும் தாமே கையால் நிரப்பிக் கொள்கிறார்களாம். "கைக்குள் அடங்கும் கருவிக்கு அத்துணை ஆற்றலா?" என்று வியந்தார் ஒரு நண்பர். பௌதிகம் பயில்பவன் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, தட்டினால் தீப்பற்றும் கேப்பு, வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்ட கூட்டை எறிந்துவிடாமல், புதிய கேப்பு பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, குண்டை அழுத்தி முடிப்பதே கையால் நிரப்புதல். மருந்து சற்று மிகுந்தாலும் ரிவால்வரே வெடித்துவிடக் கூடும். எல்மர் கீத் என்னும் அமெரிக்கர் இவ்வாறு பல்லாண்டு சோதனை செய்து, வலிமை மிக்க தோட்டாக்களை ஆக்கினார். அதன் பயனாக 1955-இல் பிறந்ததே .44 மாக்னம்.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். இந்நகரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974). ஜவளகிரிப் புலியையும் கும்மளாபுரச் சிறுத்தையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1954-இல் வெளிவந்தது. அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டு 19.4 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 4,350 ஜூல். மாக்னம் குண்டோ 15.6 கிராம்; வேகம் சுமார் 425 மீட்டர்; ஆற்றல் 1,400 ஜூல். மூன்றில் ஒரு பங்குதான்! ரைபிளின் நீண்ட குழலில் வாயு குண்டை நெடுந்தொலைவு தள்ளுகிறது. ரிவால்வரின் குறுங்குழலில் அதற்கு இடமில்லை.

மருந்தைக் கூட்டிக் குறையை ஈடுசெய்யலாமே என்பீர்கள். ஓரளவு செய்யலாம். ஆனால் மருந்தால் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு, அதுதான் குறி. ரிவால்வரில் குறிபார்க்கும் இரு முனைகளுக்கும் இடைவெளி சுமார் 20 சென்டிமீட்டர். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 50 மீட்டருக்கு அப்பால் குண்டு 25 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி அரை மீட்டராக உள்ள ரைபிளிலோ விலகல் 10 சென்டிமீட்டரே. பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தாம் இவை! மருந்து கூடக் கூடப் பின்னுதைப்பும் கூடும். அதற்கு அஞ்சிக் கை முன்னதாகவே நடுங்கும். வலிமையைத் தேடியவன் குறியை இழக்கிறான்.

குறி தவறினால் என்ன ஆகும்? நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். என் தாத்தா இளமையில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். மருந்தைக் கையால்தான் இடித்து நிரப்புவார். ஒருநாள் காட்டுப்பன்றியைச் சுட்டார். குண்டு பின்தொடையில் பட்டது. பன்றி புதரில் மறைந்தது. மூன்றாம் நாள் அது மாடு மேய்த்த ஒருவரின் காலைக் கிழித்தது. அவர் பின்பு நேராக நடக்கவேயில்லை. தாத்தா துப்பாக்கியைத் தொடவில்லை. ஆண்டுதோறும் அவர் நிலத்தைத் தாமே உழுது கொடுத்தார். "மருந்து போதும்டா, கைதான் போதலை" என்று இன்றும் சொல்கிறார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. நேபாளத்திலும் குமாவோன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-இல் வீழ்த்தினார். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையே அதனை மனிதர் பக்கம் திருப்பியது என்று கார்பெட் கருதினார். பிழைத்த குறி ஒன்று. அதற்கு விலை கொடுத்தவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள்!

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்குக் கடிவாளம் இட்டது. அடுத்த ஆண்டே பந்திப்பூர் புலிகளின் காப்பகமாயிற்று. நண்பர்களே, என் தீர்ப்பு இதுதான்: கைக்கருவியால் பெருவிலங்கைக் கொல்ல முடியும். ஆனால் "முடியுமா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. "தவறினால் யார் துன்புறுவார்?" என்பதையும் சேர்த்துக் கேட்பதே விஞ்ஞானம் பயில்வோர்க்கு அழகு.