வேகமானியின் முள் ஏன் வளைந்தது?

சித்திரை மாதத்து நண்பகல். சேரன்மகாதேவியில், தாமிரபரணியில் குளிக்க வந்தவர்களின் பழைய அம்பாசிடர் கார் ஒன்று, கண்ணாடிகள் ஏற்றப்பட்டு வெட்டவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது பல கோடைகளை இப்படியே கழித்த கார்.

மாலையில் கார் புறப்படுகிறது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்கிறீர்கள். சரியாக 60 விநாடிகள்! அப்படியானால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஆனால் வேகமானியோ 40 என்று காட்டுகிறது. உற்றுப் பார்த்தால், பிளாஸ்டிக் முள் வளைந்து எண்தட்டில் உரசுகிறது. இவ்வளவு சிறிய உரசல் இவ்வளவு பெரிய பிழையைத் தருமா?

தரும். இத்தகைய வேகமானியில், கார் ஓடும்போது ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கும். காந்தம் சுழல்வதால் கிண்ணத்தில் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, கிண்ணமும் அதனோடு இணைந்த முள்ளும் திரும்புகின்றன. மெல்லிய சுருள்வில் ஒன்று அதை எதிர்த்து இழுக்கிறது. இந்த விசைகள் மிகச் சிறியவை. ஆகவே சிறு உரசலும் முள்ளைத் தடுத்துவிடும். ஓட்டுநர் தம்மை அறியாமல் அதிவேகமாகச் செல்ல நேரிடும்.

சரி, முள் ஏன் வளைந்தது? கருப்பட்டியைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். ஆனால் வெந்த இட்லி மறுபடி மாவாகாது. பிளாஸ்டிக்குகளிலும் இவ்விரு வகை உண்டு. பாலிஸ்டைரீன், அக்ரிலிக் போன்றவை கருப்பட்டியைப் போல இளகுபவை. பேக்லைட் இட்லியைப் போல இறுகிவிட்டது.

பாலிஸ்டைரீன் நன்கு இளக ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். மூடிய காரின் முகப்புப் பலகையோ வெயிலில் 70 டிகிரியைத் தாண்டக்கூடும். 100 டிகிரியை எட்டாமலே வளைவது எப்படி? அச்சில் வார்க்கும்போது விரைந்து குளிர்ந்ததால், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் இழுபட்ட நிலையிலேயே உறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அவை சிறுகச் சிறுக நகர்ந்து இழுவிசையைத் தளர்த்திக்கொள்கின்றன. முள் வளைகிறது.

வளைத்த வெப்பமே நிமிர்த்தவும் உதவும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பாட்டரி இணைப்பை நீக்குவார். பின்னர் சுருள்வில் கெடாமல் முள்ளைக் கழற்றுவார். அதைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில விநாடிகள் அமிழ்த்தி, இளகவில்லையானால் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். இளகியதும் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து இலேசாக அழுத்துவார். முற்றிலும் ஆறும் வரை தகடுகளை எடுக்கமாட்டார். சூட்டோடு எடுத்தால் முள் பழையபடி வளையலாம். குளிர்ந்த நிலையில் நிமிர்த்த முயன்றாலோ ஒடிந்துவிடும். நெருப்பைக் காட்டவே கூடாது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஒடிந்த முள்ளுக்கு மாற்று கிடைப்பது எளிதன்று.

நீங்களும் சோதிக்கலாம். பயனற்ற பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைப் பெரியவர் துணையுடன் இடுக்கியால் பிடித்து வெந்நீரில் அமிழ்த்துங்கள். பிறகு வளைத்து, பிடித்தபடியே ஆற விடுங்கள். எந்தச் சூட்டில் இளகுகிறது என்று வெப்பமானியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வெயிலில் நிற்கும் காரைக் காணும்போது, அதனுள் மூலக்கூறுகள் மெல்ல நகர்வது உங்கள் நினைவுக்கு வரும்.