நள்ளிரவில் தானே நின்று துவங்கும் கணினி

இரவு படுக்கப் போகுமுன் பாதி எழுதிய கடிதத்தையும் திறந்து வைத்த வரவு செலவுக் கணக்கையும் அப்படியே திரையில் விட்டுச் சென்றவர், காலையில் வந்து பார்க்கும்போது அவை யாவும் மறைந்து, கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும் முகப்புத் திரை மாத்திரமே எதிரே இருக்கக் கண்டால், வைரஸ் புகுந்துவிட்டது என்றோ, வீட்டுப் பிள்ளைகள் எதையோ தொட்டுவிட்டார்கள் என்றோ உடனே தீர்மானித்துவிடுவது வழக்கமாகப் போய்விட்டது. பெட்டி பழுது பார்க்கும் கடைக்குப் போகிறது. கடைக்காரரும் காரணத்தை விசாரியாமல், "பார்மட் போட்டுவிடலாம்" என்கிறார். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த புகைப்படங்கள் அத்தோடு அழிந்துபோவதும் உண்டு. இந்த அவசரத்தை நான் முற்றிலும் ஆட்சேபிக்கிறேன். காரணம் இன்னதென்று நிர்ணயிக்குமுன் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. நிர்ணயிப்பதற்கு வேண்டிய ஆதாரங்களில் பெரும்பகுதியைக் கணினியே எழுதி வைத்திருக்கிறது.

விண்டோஸ் உள்ள கணினியில் ஸ்டார்ட் பொத்தானின்மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' இருக்கிறது. அதனுள் 'விண்டோஸ் லாக்ஸ்', அதனுள் 'சிஸ்டம்' என்று சென்றால், இயந்திரத்தில் நிகழ்ந்தவை தேதியும் நேரமும் குறிக்கப்பட்டு, எண்ணிட்டு, வரிசையாகக் காணப்படும். அங்கே 1074 என்ற எண் இருந்தால், ஏதோ ஒரு நிரல் முறைப்படி கட்டளையிட்டுக் கணினியை நிறுத்தியிருக்கிறது. எந்த நிரல், என்ன காரணம் சொல்லி நிறுத்தியது என்பதும் அதிலேயே பதிவாகியிருக்கும். 6008 இருந்தால், முந்திய நிறுத்தம் எதிர்பாராதது என்பதோடு, ஏறத்தாழ எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பதும் தெரியவரும். அதற்கருகே 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணும் நிற்கும். பலரைக் கலவரப்படுத்தும் இந்த 41, கோளாறு இன்னதென்று சொல்வதே இல்லை; சென்ற தடவை கிரமமாக மூடப்படவில்லை என்று, மறுபடி துவங்கிய பின் கணினி எழுதி வைக்கும் குறிப்பு அது, அவ்வளவே. ஆகவே முதலில் தெளிய வேண்டியது, கணினி கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்றதா, கட்டளையின்றியே நின்றதா என்பதுதான்.

கட்டளைப்படி நின்றிருந்தால் பெரும்பாலும் அது விண்டோஸ் அப்டேட்டின் வேலை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும் அவை, பருவத்துக்கேற்ப நமக்கு இரவு 10.30க்கோ 11.30க்கோ கிடைக்கின்றன. ஆதலால் அந்த வாரத்தில் விடியற்காலை ரீஸ்டார்ட் நேர்வதில் ஆச்சரியமில்லை. இதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைப்பது பெருந்தவறு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னாக்ரை', அவ்வாண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகியிருந்த ஒரு பலவீனத்தின் வழியாகத்தான் பரவிற்று. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில், 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் நாம் கணினியை உபயோகிக்கும் நேரத்தை, அதிகபட்சம் 18 மணி நேரம் வரை, குறித்து வைத்துவிட்டு, எழுதியதைச் சேமித்த பின் படுக்கப் போனால் போதும்.

கட்டளையின்றி நின்ற கணினியின் விஷயத்தில்தான் பொறுமை வேண்டும். 6008 கூறும் நேரத்தையும், அடுத்துக் கணினி துவங்கிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இடையே அரைமணியோ ஒருமணியோ கழிந்திருந்தால், மின்சாரம் போய்த் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். மின்சாரம் வந்ததும் தானே துவங்கும்படி, பயாஸ் என்னும் துவக்க நிரலில் ஓர் அமைப்பு இருப்பதால் அதை நாம் ரீஸ்டார்ட் என்று எண்ணி மயங்குகிறோம். இடைவெளி ஒரு நிமிஷத்துக்கும் குறைவானால், க்ஷண நேரத் தடங்கலைச் சந்தேகிக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு ஆகும் காலம் 20 மில்லி விநாடி. கணினிப் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றி வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., முழுச் சுமையில் இயங்குகையில் மின்சாரம் அற்றுப்போனால், தன் கண்டென்சர்களில் தேங்கிய சக்தியைக் கொண்டு தாக்குப்பிடிப்பதோ ஏறத்தாழ 16 மில்லி விநாடி. பழையதாகிக் கண்டென்சர்கள் வற்றிவிட்டால் அதுவும் இல்லை. தலைக்குமேல் மின்விசிறி சுழற்சி குன்றாமல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கணினி நின்று துவங்கிவிடுவது இதனால்தான்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்று சமாதானம் கொள்வதற்கில்லை. அதிலுள்ள பாட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில், நம் ஊர் வெப்பத்தில் அதற்கு முன்பேகூட, சத்திழந்துவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பகலில் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்குச் செல்லும் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கணினியும் உடனே அணைந்தால் முதற்சந்தேகம் பாட்டரியின்மேல்தான்.

பகலெல்லாம் கடுமையாக உழைத்தும் அசையாத கணினி, இரவில் சும்மா இருக்கும்போது மட்டும் நின்றுவிடும் விசித்திரமும் உண்டு. 2013இல் வந்த இன்டெல்லின் 'ஹாஸ்வெல்' பிராசசர்கள், ஓய்வின்போது தங்கள் 12 வோல்ட் வழியில் மின்னோட்டத்தை 0.05 ஆம்பியர் வரை குறைத்துக்கொள்ள வல்லவை. அதற்கு முந்திய எஸ்.எம்.பி.எஸ்.களோ 0.5 ஆம்பியருக்குக் கீழே சுமை இறங்காது என்ற அனுமானத்தில் அமைந்தவை. ஆகவே அவற்றில் சில, அவ்வளவு அற்பமான சுமையில் ஸ்திரமாக இயங்க இயலாமல் நின்றுவிடக்கூடியவையாக இருந்தன. ஏ.எம்.டி. ரைசன் பிராசசருக்கான மதர்போர்டுகள் பலவற்றின் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற அமைப்பு இடம்பெற்றதும் இவ்வகைத் தொல்லையை முன்னிட்டே. அதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினால் மின்சாரம் சற்றுக் கூடச் செலவாகும், ஆனால் ஓய்வு நேரத்து நிறுத்தம் நின்றுபோகக்கூடும்.

41ஆம் குறிப்பின் விவரங்களில் 'பக்செக் கோட்' பூஜ்யமாக இல்லாமல் வேறு எண்ணாக இருந்தால், நீலத்திரை எனப்படும் பிழைத்திரை தோன்றி மறைந்திருக்கிறது என்று பொருள். சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குச் சென்று, தானே ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாட்டை நீக்கிவிட்டால், அடுத்த முறை அத்திரை காலைவரை அப்படியே நிற்கும். அதிலுள்ள வாசகத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஏதேனும் டிரைவரோ, ராமோ காரணமாக இருக்கும். ராமைச் சந்தேகித்தால் 'மெம்டெஸ்ட்86' நிரலை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பலாகாது. வெப்பத்தைப் பற்றிப் பலரும் பிரஸ்தாபிப்பார்கள். சும்மா இருக்கும் கணினியில் அது அபூர்வமே, எனினும் தூசியைத் துடைப்பதில் நஷ்டமில்லை.

இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டுச் சில இரவுகள் பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரே நாளில் நான்கையும் மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமலே போகும். எஸ்.எம்.பி.எஸ். மீதே சந்தேகம் ஊர்ஜிதமானால், புகைப்படங்களுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு, பதிவில் கண்ட எண்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நீங்களே பிரித்துப் பார்க்க முற்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் சற்று நேரம் அதன் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கும்.