பழைய கணினிக்குப் புது வேகம்

கணினி மந்தமாகிவிட்டதென்று புதிது வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு யோசனை: முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள்.

மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் முனை நகர்ந்து இடம் தேட வேண்டும். ரயில்வேயில் இருந்தவன் சொல்கிறேன், பாசஞ்சர் வண்டிக்குத் தாமதம் ஓட்டத்தில் அல்ல, நின்று நின்று போவதில்தான். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை, எல்லாம் சிப்தான்.

வாங்குமுன் கணினியின் கையேட்டைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும்; வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். எம்.2 வகையானால், உங்கள் கணினி ஏற்பது சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். வீட்டு உபயோகத்துக்கு 500 ஜி.பி. போதுமென்பது என் கருத்து.

மாற்றுமுன் குடும்பப் படங்களைத் தனியே பிரதி எடுத்து வையுங்கள். பிறகு புதியதை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, குளோன் மென்பொருளால் பழையதை அப்படியே நகலெடுக்கலாம். எது பழையது, எது புதியது என்று இருமுறை பாருங்கள். மாறிப்போனால் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். முடிந்ததும் கணினியை அணைத்து, புதியதைப் பொருத்துங்கள்.

பழைய டிஸ்க்கைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றியும் நின்றுபோகலாம். வேறொன்று கடையில் கிடைக்கும். ஊரில் எடுத்த தாத்தா பாட்டி படம் கிடைக்காது.