‘ரெட்’ அறைக்கு ஒரு எட்டு!

அவசர சிகிச்சைப் பிரிவில், உயிர் ஊசலாடுகிறவர்களைக் கொண்டுவரும் ‘ரெட்’ அறைக்குள் எட்டிப் பார்க்க ஆசையா? சீக்கிரம் வாங்க, 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டால் நம்மை வெளியே தள்ளிவிடுவார்கள்!

அதோ, சுவரோரம் நிற்கிற ட்ராலிதான் இங்கே கதாநாயகி. விபத்தில் முகம் நொறுங்கி, வாயெல்லாம் ரத்தமாக வருகிறவருக்கு முதலில் பார்ப்பது கால் முறிவை அல்ல, மூச்சுப்பாதையை. மயங்கிக் கிடப்பவரின் நாக்கே பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். அந்தப் பாதையைத் திறக்கும் சாமான்கள்தான் இந்த ட்ராலியில்.

டியூட்டிக்கு வந்த சிஸ்டர் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை ‘டக்’கென்று விரிக்கிறார். விளக்கு எரிகிறது, சபாஷ்! இந்த வளைந்த பிளேடை ராபர்ட் மெக்கின்டாஷ் 1943இல் அறிமுகப்படுத்தினார். இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அடுத்து, மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் ட்யூபின் பலூனில் காற்றடித்து, கசிகிறதா என்று பார்த்து, திரும்ப உறிஞ்சிவிடுகிறார். வாயிலிருக்கும் ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷனையும் ஒருமுறை உறும விட்டுப் பார்க்கிறார்.

இதோ, என் செல்லம் பூஜி! நுனி மட்டும் லேசாக வளைந்த, நீளமான மெல்லிய குச்சி. ரத்தத்தில் குரல்நாண் சரியாகத் தெரியாதபோது இதை முன்னே அனுப்பி, இதன்மேல் ட்யூபை இறக்குவார்கள். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களில் உரசும்போது, கடை ஷட்டரில் குச்சியை இழுத்த மாதிரி விரலுக்குக் கடகடவென்று தெரியும். உணவுக்குழாய்க்குள் போனால் கடகடப்பே இருக்காது.

கழுத்து முறிந்திருக்குமோ என்ற பயம் வேறு. அதனால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. தாடையை மட்டும் முன்னே தூக்க வேண்டும். தலையை அசையாமல் பிடிப்பதற்கென்றே ஒருவர். பாவம், மூக்கு அரித்தாலும் கையை எடுக்க முடியாது!

ட்யூபை இறக்குவதற்கு முன் ‘ஸ்கோலின்’ ஊசி. போட்ட ஒரு நிமிடத்துக்குள் உடம்பின் தசையெல்லாம் தளர்ந்து, சொந்த மூச்சும் நின்றுவிடும். அதனால்தான் ஊசிக்கு முன்பே, முடிந்தால் மூன்று நிமிடம், ஆக்சிஜனை நிரப்பிவைக்கிறார்கள்.

ட்யூப் போனதும் எல்லோரும் இசிஜி கோட்டையே பார்ப்பார்கள் என்பது சினிமா. இங்கே கண்ணெல்லாம் கேப்னோ திரையில்! மூச்சுக்கு மூச்சு கார்பன் டை ஆக்சைடு அலை எழுந்தால்தான் ட்யூப் இடம்சேர்ந்தது என்று நம்புவார்கள்.

எதுவுமே பலிக்காவிட்டால்? ட்ராலியில் 10ஆம் நம்பர் கத்தியும் 6ஆம் நம்பர் ட்யூபும் தயார். தொண்டைமேட்டுக்குக் கீழே விரலுக்குத் தட்டுப்படும் சின்னப் பள்ளத்தில் கீறி, பூஜியை விட்டு, ட்யூபை ஏற்றிவிடுவார்கள். அபூர்வமாகத்தான் தேவைப்படும், ஆனால் கை பழகியிருக்க வேண்டுமே! பயிலரங்குகளில் ஆட்டின் குரல்வளையை வைத்துப் பழகுவதும் உண்டு. வாங்கப் போகிற இளம் டாக்டரிடம் கறிக்கடைக்காரர் “சூப்புக்கா சார்?” என்று கேட்டால் என்னதான் பதில் சொல்வாரோ!