பட்டாணியும் பரீட்சையும்

எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்த பெண் மறுபடி புஸ்தகமும் கையுமாக உட்கார்ந்தால், "இன்னும் என்னடி படிப்பு? காலாகாலத்தில் ஒருத்தன் கையில் பிடிச்சுக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்காத வீடு குறைவு. அவள் படிப்பது சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வுக்கு என்றால், கொஞ்சம் பொறுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்ந்தால், முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இந்தத் தொகை. அப்பாவிடம் கை நீட்டாமல் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாம்.

உயிரியல் தாளுக்கு மூன்று மணி நேரம், 200 மார்க். முதல் பகுதி எல்லாப் பாடக்காரர்களுக்கும் பொது. தர்க்கமும் கணக்கும் வரும். 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், தலா 2 மார்க். மரபியல் மற்ற இரண்டு பகுதிகளில் வரும். தப்பான விடைக்குக் கால் பங்கு மார்க் போய்விடும். அதனால் குருட்டாம்போக்கில் எழுதக் கூடாது.

இந்த இரண்டையும் நெட்டுருப் போட முடியாது. கையால் போட்டுத்தான் பழக வேண்டும்.

தர்க்கத்துக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். 'எல்லா தோசையும் பலகாரம். சில பலகாரம் இனிப்பு. ஆகவே சில தோசை இனிப்பு.' சரி மாதிரிதான் தோன்றும். பலகாரம் பெரிய வட்டம், தோசை அதற்குள் சின்ன வட்டம், இனிப்பு இன்னொரு வட்டம் என்று வரைந்தால், இனிப்பு தோசையைத் தொடாமலே இருக்கலாம் என்று தெரிந்துவிடும். முடிவு செல்லாது!

மரபியலுக்குக் கட்டம். கொல்லையில் இருக்கிற அந்திமந்தாரையையே எடுத்துக்கொள்ளுங்களேன். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் முதல் தலைமுறை எல்லாம் ரோஸ் நிறம். அந்த ரோஸ் செடிகளையே தங்களுக்குள் சேர்த்தால்? நாலு கட்டம் போட்டு நிரப்பினால் சிவப்பு 1, ரோஸ் 2, வெள்ளை 1. இரண்டு குணம் சேர்ந்து வந்தால் பதினாறு கட்டம். புள்ளிக்கோலம் போடத் தெரிந்த பெண்ணுக்கு இது சிரமமே இல்லை.

வீட்டார் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் முழுசாக அவளுக்குக் கொடுங்கள். பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். நடுவில் "காஸை அணைச்சுட்டு வா" என்று கூப்பிட வேண்டாம். எழுதி முடித்ததும், தப்பான கேள்விகளைத் தனி நோட்டில் மறுபடி போடட்டும்.

ஒரு தடவை தவறினால் குடி முழுகிவிடாது. வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு முறை இந்தத் தேர்வு வருகிறது. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 வருஷம் சலுகையும் உண்டு. கல்யாணமான பிறகும் எழுதலாம்.

மரபியலுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டலே 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றவர்தான். பிறகு அவர் மடத்துத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பட்டாணி பயிரிட்டார். ஒரு சோதனையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று பொறுமையாக எண்ணி வைத்தார். இன்று நம் பெண்கள் பரீட்சையில் எழுதும் 3-க்கு 1 கணக்கு அந்தப் பொறுமையில் பிறந்ததுதான்.